ஏழரைக் கல்

எங்கள் ஊரில் ரயில் நிற்காது.
ரயிலுக்காகவே உண்டான ஊர்தான், இருந்தும்.
மேடு போட்டு ஜல்லி கொட்டித்
தண்டவாளம் இறக்கியவர்கள்
வேலை முடிந்த அன்றைக்குப்
போக இடமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.
பதினோரு வீட்டு லயம், ஒரு குழாய்,
சாலைக்குக் குறுக்கே ஒரு கேட்.
புக்கித் தீமா சாலையில் ஏழரைக் கல்.
பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள் டவுன்காரர்கள்:
சனி பிடித்த இடத்திலா குடியிருக்கிறீர்கள்?
சனி ஏழரை வருஷத்தில் விட்டுவிடும்.
ரயில் எழுபத்தொன்பது வருஷம் விடவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள்.
ஊர் வரலாறு கேட்டால்
ரயில் நின்ற தடவைகளைத்தான் சொல்லத் தெரியும்.

ஜப்பான்காரன் காலத்தில் ஒருமுறை.
கொடி காட்டாமல் அதுவாகவே நின்றது.
மூன்று மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி,
அரிசி தனி என்றார்கள்.
லயத்திலிருந்து பத்தொன்பது பேர் ஏறினார்கள்.
மண்ணாங்கட்டி தன் சேவலோடு ஏறினார்.
சயாமிலிருந்து திரும்பியது உடையான் ஒருவர்.
அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.
சாகும்வரை அவர் சிலிப்பர் கட்டையில் கால் வைக்கவில்லை;
ஜல்லியில் மட்டும்
பாண்டி ஆடுகிற பிள்ளைபோல
தாண்டித் தாண்டிப் போவார்.
பின்னாலேயே நாங்களும் அப்படி நடந்து காட்டிச் சிரிப்போம்.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது
என்று இன்னும் தெரியவில்லை.

நாடு இரண்டானபோது ரயில் நிற்கவில்லை.
நாலு நிமிஷம் தாமதம், அவ்வளவுதான்,
ஊதிக்கொண்டு போனது.
தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் மண் அவர்களுடையதாம்.
எங்கள் கூரையும் அவர்களுடையது.
வேலிக்கு அந்தப் பக்கம் ஆ லெங் கடை இவர்களுடையது.
எங்கள் பப்பாளி வேலியோரம் சாய்ந்து
வெளிநாட்டில் பழுத்து விழும்;
அம்மா பாஸ்போர்ட் இல்லாமல் போய் எடுத்து வருவாள்.
அப்பாவுக்குச் சம்பளம் அவர்கள் வெள்ளியில்.
ஆ லெங்குக்குக் கடன் இவர்கள் வெள்ளியில்.
முதலில் இரண்டும் ஒன்றுதான்.
பிறகு ஒரே சொல்லுக்கு இரண்டு எடை.
மாசா மாசம் வெள்ளியைக் கொடுத்து வெள்ளி வாங்கி
அப்பா திரும்பும்போது குறைந்திருக்கும் சில்லறையில்
நான் கழித்தல் கற்றேன்.

அப்புறம் ஆ லெங்கின் லாரி.
உப்பு முட்டைச் சால்களோடு
கேட்டுக்கு நடுவே உயிரை விட்டது, காலை ஆறு பத்துக்கு.
அப்பா கொடியைத் தேடினார்.
அம்மா தேடவில்லை.
துணி காயும் கயிற்றிலிருந்து
தன் சிவப்பு உள்பாவாடையை உருவிக்கொண்டு
வடக்கே பார்த்து ஓடினாள்.
பதினாலு அடி மிச்சம் வைத்து நின்றது ரயில்.
ஓட்டுநர் இறங்கி மலாயில் திட்டினார்,
மூச்சு வாங்கினார்,
பத்து முட்டை வாங்கிக்கொண்டு ஏறினார்.
அந்த மாசம் ஆ லெங் கடனைக் கேட்கவில்லை.
அம்மா அந்தப் பாவாடையை மறுபடி உடுத்தவும் இல்லை,
கிழித்துத் துடைக்கும் துணியாக்கவும் விடவில்லை.

எண்பத்து நாலில் லயத்தை இடித்தார்கள்.
அடுக்குமாடியில் ஏழாவது மாடி கிடைத்தது.
லிஃப்ட் ஒன்றில் நிற்கும், ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும்.
அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்:
இதுவும் நம்ம ஊர்தான்.

கடைசி ரயில் அன்றைக்குக்
கேட்டருகே எங்கிருந்தோ ஆயிரம் பேர்.
கேமரா வைத்திருந்த பையன் ஒருவன்
அங்கிள், கொஞ்சம் தள்ளிக்குங்க, என்றான்.
முப்பத்தொரு வருஷம் அந்தக் கேட்டைச் சாத்தித் திறந்தவர்
தள்ளிக்கொண்டார்.
படம் நன்றாக வந்திருக்கும்.

இப்போது தண்டவாளம் இல்லை, புல்.
ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்கள், சைக்கிள்கள்,
ரொட்டிப் பையைப் பிடுங்கும் குரங்குகள்.
போன வாரம் ஒரு பெண்
சரியாகக் கேட் இருந்த இடத்தில் நின்றாள்,
குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள்,
தண்ணீர் குடித்தாள்,
வாட்சைப் பார்த்தாள்.
யாரும் கொடி காட்டவில்லை.
நான் எண்ணிக்கொண்டேன்.